செய்த வேலை தாளில் தெரிய வேண்டும்



பன்னிரண்டாம் வகுப்போ, ஐடிஐயோ, பி.காமோ முடித்ததும் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "ஒரு பயோடேட்டா ரெடி பண்ணிக்கோ" என்பதுதான். பிள்ளைகளும் பிரவுசிங் சென்டருக்குப் போகிறார்கள். அங்கே இருப்பவர் ஏற்கெனவே வேறு யாருக்கோ அடித்து வைத்த ஃபைலைத் திறக்கிறார். பெயர், பிறந்த தேதி, மார்க் ஆகியவற்றை மட்டும் மாற்றி இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

அந்தத் தாளைக் கையில் வாங்கிப் படித்துப் பாருங்கள். "வளர்ந்து வரும் நிறுவனத்தில் சேர்ந்து என் திறமையை வளர்த்துக்கொள்வதே என் குறிக்கோள்" என்று தொடங்கும். "பலம்: கடின உழைப்பு. பொழுதுபோக்கு: கிரிக்கெட், பாட்டுக் கேட்பது" என்று போகும். "மேலே சொன்னவை அனைத்தும் உண்மை" என்ற உறுதிமொழியோடு முடியும். பெயரை மறைத்துவிட்டால் அது உங்கள் பிள்ளையின் தாளா, பக்கத்துத் தெருப் பிள்ளையின் தாளா என்று உங்களுக்கே தெரியாது. வேலை கொடுப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு தம்பியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, குடும்பச் சூழ்நிலையால் திருப்பூர் போய் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் பி.காம் முடித்தார. இரண்டு ஆண்டு செக்கிங், பிறகு மூன்று ஆண்டு குவாலிட்டி உதவியாளர். இப்போது ஸ்டாஃப் வேலைக்கு மனுப் போடுகிறார். அவருடைய தாளில் இருப்பது: "பி.காம், 58 சதவீதம், முன் அனுபவம் இல்லை." பி.காம் படிப்புக்கும் செக்கிங்குக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்து அந்த ஐந்து ஆண்டுகளை அவரே விட்டுவிட்டார். அவர் தேடும் வேலைக்கு அவரிடம் இருக்கும் பெரிய தகுதி அந்த ஐந்து ஆண்டுகள்தான்.

நம் பகுதிப் பிள்ளைகளின் ரெஸ்யூமில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். அதை எப்படிச் சரிசெய்வது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பயோடேட்டா வேறு, ரெஸ்யூம் வேறு

பயோடேட்டா என்ற சொல்லை நாம் இரண்டு காரியத்துக்குப் பயன்படுத்துகிறோம். நிக்காஹ் பேச்சுக்கு ஒரு தாள் எழுதுகிறோம். அதில் அத்தா பெயர், அவர் தொழில், உடன்பிறந்தவர்கள், உயரம், சொந்த வீடு எல்லாம் இருக்கும். அங்கே அது சரி. அதே தாளை லேசாக மாற்றி வேலைக்கும் அனுப்புகிறோம். அதனால்தான் வேலை மனுவின் பாதிப் பக்கத்தைத் தந்தை பெயர், பால், மதம், திருமண நிலை, இரத்த வகை ஆகியவை நிரப்பிவிடுகின்றன.

ரெஸ்யூம் என்றாலும் சி.வி. என்றாலும் நம் ஊர் கம்பெனிகள் கேட்பது ஒன்றையே: இந்த ஆள் எந்த வேலையைச் செய்திருக்கிறார், எதைச் செய்யத் தெரியும், எப்படித் தொடர்புகொள்வது. இந்த மூன்றுக்கும் ஒரு பக்கம் போதும். பத்து ஆண்டுக்கு மேல் அனுபவம் இருந்தால் இரண்டு பக்கம்.

மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வியாபாரி பஞ்சைக் கையில் எடுத்து, இழையை இழுத்துப் பார்த்து, ஈரம் பார்த்துத்தான் விலை கேட்கிறார். "நல்ல பருத்தி" என்று மூட்டை மேல் எழுதி வைத்தால் யாரும் விலை ஏற்றிக் கேட்பதில்லை. ரெஸ்யூமும் மூட்டையிலிருந்து எடுத்துக் காட்டும் ஒரு கைப்பிடிப் பஞ்சு. "கடின உழைப்பாளி" என்பது மூட்டை மேல் எழுதியது. "இரண்டு லைன்களின் தரத்தை மூன்று ஆண்டு பார்த்தேன்" என்பது கையில் எடுத்துக் கொடுத்தது.

எந்த வேலைக்கு இது தேவை?

திருப்பூரில் ஓவர்லாக், பிளாட்லாக் டெய்லருக்கும், கைமடி, பேக்கிங் ஆட்களுக்கும் பெரும்பாலும் ரெஸ்யூம் கேட்பதில்லை. கம்பெனி வாசலில் "ஆட்கள் தேவை" போர்டு இருக்கும். உள்ளே போனால் மெஷினில் உட்கார வைத்துத் தைக்கச் சொல்வார்கள். கைதான் அங்கே சான்று.

ஆனால் அதே கம்பெனிக்குள் குவாலிட்டி கன்ட்ரோலர், புரொடக்‌ஷன் சூப்பர்வைசர், மெர்ச்சண்டைசர், சாம்பிள் பிரிவு, ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ், ஏற்றுமதி ஆவணப் பிரிவு என்று ஸ்டாஃப் வேலைகள் இருக்கின்றன. அங்கே முதலில் தாளைத்தான் பார்க்கிறார்கள். காங்கயம் அரிசி ஆலை அலுவலகம், கரூர் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி, கோவை மருத்துவமனை, வளைகுடா வேலை எல்லாவற்றுக்கும் இதே நிலைமைதான். தரைத்தளத்து வேலையிலிருந்து ஸ்டாஃப் வேலைக்கு ஏறும் படியில் இந்தத் தாள் நிற்கிறது. மாதச் சம்பளம், ஞாயிறு விடுமுறை, பீஸ் ரேட் ஏற்ற இறக்கத்திலிருந்து விடுதலை எல்லாம் அந்தப் படிக்கு மேலே இருக்கின்றன. அதனால்தான் இதைப் பத்து நிமிட வேலையாக விடக்கூடாது.

அனுபவத்தை எழுதும் முறை

முதலில் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்துத் தமிழிலேயே எழுதுங்கள். பார்த்த ஒவ்வொரு வேலைக்கும் இந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும்.

1. எந்த மாதம், எந்த ஆண்டு சேர்ந்தேன்? எப்போது நின்றேன்?
2. என் கையில் என்ன மெஷின், என்ன பொருள், என்ன கணக்கு இருந்தது?
3. ஒரு நாளைக்கு அல்லது ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு செய்தேன்? என்னோடு எத்தனை பேர்? எனக்குக் கீழே எத்தனை பேர்?
4. நான் அங்கே இருந்ததால் எந்தத் தவறு தடுக்கப்பட்டது? எந்த வேலை வேகமானது?
5. யாரிடம் கணக்கு ஒப்படைத்தேன்? சூப்பர்வைசரிடமா, மேனேஜரிடமா, முதலாளியிடமா?

நாம் பார்த்த தம்பி இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் அவருடைய தாள் இப்படி மாறும். எண்கள் உதாரணத்துக்கு மட்டும்.

குவாலிட்டி உதவியாளர், ஏற்றுமதி பின்னலாடை நிறுவனம், திருப்பூர். ஜூன் 2021 முதல் மே 2024 வரை.
– இரண்டு தையல் லைன்களில் தைக்கும்போதே பீஸ்களைச் சோதித்தேன். டி-ஷர்ட், குழந்தைகள் ஆடை.
– அளவு, தையல், கறை, பிரிண்ட் ஆகியவற்றை ஆர்டரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிட்டேன்.
– ஆல்டருக்குத் திரும்பிய பீஸ்களின் எண்ணிக்கையையும் காரணத்தையும் தினமும் எக்செலில் பதிந்து குவாலிட்டி மேனேஜரிடம் கொடுத்தேன்.
– பையர் தரப்பு இன்ஸ்பெக்‌ஷன் நாட்களில் பீஸ் எடுத்து வைத்து உடன் நின்றேன்.

செக்கிங், அதே நிறுவனம். ஜூன் 2019 முதல் மே 2021 வரை.
– ஒரு ஷிப்டுக்குச் சுமார் 400 பீஸ் இறுதிச் சோதனை.

இதில் "கடின உழைப்பு" என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு உழைப்பு தெரிகிறது. எக்செல் தெரியும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எதற்குப் பயன்படுத்தினார் என்பதே சொல்லிவிடுகிறது. பையர் இன்ஸ்பெக்‌ஷனைப் பார்த்தவர் என்பதும் தெரிகிறது. கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசலாம் என்று எச்.ஆர். நினைப்பதற்கு இது போதும்.

பனியன் கம்பெனி அனுபவம் மட்டும்தான் இப்படி எழுதத் தக்கது என்று நினைக்க வேண்டாம். அத்தாவின் மளிகைக் கடையில் மூன்று ஆண்டு நின்ற பிள்ளை, கொள்முதல் பில் பார்த்திருப்பார், கடன் கணக்கு எழுதியிருப்பார், ஜிஎஸ்டி பில் போட்டிருப்பார். முருங்கைக்காய் மண்டியில் எடை போட்ட பிள்ளை தினமும் எத்தனை விவசாயிகளின் கணக்கைப் பார்த்தார் என்று எழுதலாம். சொந்தக் கடை என்பதால் அது வேலை இல்லை என்று ஆகாது. "குடும்பக் கடை" என்று வெளிப்படையாக எழுதி, செய்ததை எழுதுங்கள்.

அந்த வேலைக்குத் தேவையானது முதலில்

மோனாலிசா ஓவியத்தை வரைந்த லியோனார்டோ டா வின்சி, 1480களின் தொடக்கத்தில் இத்தாலியின் மிலான் நகர ஆட்சியாளருக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. ரெஸ்யூமின் முன்னோடி என்று பலரும் அதைத்தான் காட்டுவார்கள். அந்தக் கடிதத்தில் அவர் ஓவியத்தை முதலில் சொல்லவில்லை. எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள், சுரங்கப் பாதை, பீரங்கி, போர் வண்டி என்று தன்னால் செய்யக்கூடியவற்றை வரிசையாக எண் போட்டு எழுதினார். சிற்பமும் ஓவியமும் கடைசியில்தான் வருகின்றன. அந்த ஆட்சியாளருக்கு அப்போது போர்க் கருவிகள்தான் தேவை என்று அவருக்குத் தெரியும்.

நம் பிள்ளைகளும் இதைச் செய்யலாம். ஒரே தாளை இருபது இடத்துக்கு அனுப்பாதீர்கள். குவாலிட்டி வேலைக்குப் போட்டால் சோதனை அனுபவம் மேலே இருக்கட்டும். மெர்ச்சண்டைசர் உதவியாளர் வேலைக்குப் போட்டால், எக்செல் கணக்கு, பையர் தரப்போடு நின்றது, ஆங்கில மெயில் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் மேலே வரட்டும். அக்கவுண்ட்ஸ் வேலை என்றால் பி.காம், டேலி, ஜிஎஸ்டி, இ-வே பில் போட்ட அனுபவம் மேலே வரட்டும். உண்மை ஒன்றுதான், வரிசை மட்டும் மாறுகிறது. "குறிக்கோள்" என்ற பத்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு வரியில் "ஏற்றுமதி பின்னலாடைத் தரச் சோதனையில் 5 ஆண்டு அனுபவம், பி.காம், எக்செல் தெரியும், தமிழ், இந்தி பேசுவேன்" என்பது போல எழுதினால் படிப்பவர் முதல் பார்வையிலேயே ஆளைப் புரிந்துகொள்வார்.

சான்றிதழ் தராத கம்பெனியில் வேலை பார்த்திருந்தால்?

"அஞ்சு வருசம் வேலை பார்த்தேன், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் ஒண்ணும் தரலை" என்பது அடிக்கடி கேட்கும் குறை. அதற்காக அனுபவத்தையே விட்டுவிட வேண்டாம்.

பி.எஃப். பிடித்த கம்பெனி என்றால் உங்களுக்கு 12 இலக்க யு.ஏ.என். எண் இருக்கும். இ.பி.எஃப்.ஓ. இணையதளத்தின் உறுப்பினர் பக்கத்தில் "சர்வீஸ் ஹிஸ்டரி" என்ற பகுதியில் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது பதிவாகியிருக்கும். பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் செலுத்திய விவரமும் இருக்கும். அதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. அட்டையும், சம்பளம் வங்கியில் ஏறிய பாஸ்புக் பக்கங்களும் துணைச் சான்றுகள். இவற்றை ரெஸ்யூமோடு அனுப்பத் தேவையில்லை. நேர்முகத்தில் கேட்டால் காட்டினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் வேலையிலேயே கற்றவர்களின் திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறை மத்திய அரசின் பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ஒரு பகுதியாக இருந்துவருகிறது. முன் கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர், ஆர்.பி.எல். என்று கேட்டால் தெரியும். தையல் ஆபரேட்டர், செக்கர் போன்ற ஆடைத் தொழில் வேலைகளுக்கும் இது பொருந்தும். அவ்வப்போது தேர்வு நடக்கும் இடத்தை மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் விசாரிக்கலாம்.

பெயர் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும்

முகமது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறோம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பான் கார்டில் ஒன்று, பாஸ்போர்ட்டில் அத்தா பெயர் முழுதாகச் சேர்ந்த இன்னொன்று. நம் சமுதாயத்தில் இது மிகவும் பரவலான சிக்கல். வேலை கிடைத்த பிறகு பி.எஃப். கணக்கை ஆதாரோடு இணைக்கும்போது பெயர் ஒத்துவராமல் நிற்கும். வளைகுடா வேலையில் பாஸ்போர்ட் பெயரும் பட்டச் சான்றிதழ் பெயரும் வேறாக இருந்தால் சான்றொப்பம் வாங்கும் இடத்தில் அலைய வேண்டியிருக்கும்.

ரெஸ்யூமில் மார்க் ஷீட்டில் உள்ள எழுத்துகளையே அப்படியே எழுதுங்கள். மற்ற ஆவணங்களில் வேறாக இருந்தால் வேலை தேடத் தொடங்கும் முன்பே ஆதாரையும் பானையும் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகும் முன் ஒருமுறை பள்ளிக்குப் போய் எழுத்தைச் சரிபார்த்துவிடுங்கள். பிறகு திருத்துவதை விட அது மிகவும் எளிது.

பெயரைப் பற்றி ஒரு கசப்பான விஷயத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற இரு ஆய்வாளர்கள், செய்தித்தாள் விளம்பரங்களைப் பார்த்துத் தனியார் நிறுவனங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியுள்ள மனுக்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். முடிவு 2007 அக்டோபரில் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி இதழில் வந்தது. நேர்முகத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் உயர்சாதி இந்துப் பெயருக்கு 1 என்றால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33 என்று கணக்கில் தெரிந்தது. அதே சமயம், 2009இல் வெளியான, டெல்லி வட்டாரத்தில் நடந்த மற்றோர் ஆய்வில் முஸ்லிம் பெயர்களுக்கு எதிரான பாகுபாடு தென்படவில்லை. எல்லா இடமும் ஒன்றல்ல, எல்லா முதலாளியும் ஒன்றல்ல.

இதைப் படித்துவிட்டுப் பெயரை மறைக்கவோ மாற்றவோ வேண்டாம். ஆதார் கேட்கும் நாளில் அது நிற்காது. நம் மனத்துக்கும் நல்லதல்ல. செய்யக்கூடியவை வேறு. பத்து இடத்துக்குப் போடும் மனுவை முப்பது இடத்துக்குப் போடுங்கள். ஒரு இடத்தில் பதில் வராததைத் தன் தகுதிக் குறைவாக எடுத்துக்கொண்டு சோர்ந்துபோகாதீர்கள். பெயருக்கு அடுத்த வரியிலேயே வேலை அனுபவம் கண்ணில் படும்படி எழுதுங்கள். திருப்பூரில் ஸ்டாஃப் வேலைகளுக்கும் தெரிந்தவர் சொல்லி ஆள் எடுப்பது வழக்கம். அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒருவர், அவர் எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும், "இந்தத் தம்பி என்னோடு லைனில் நின்றவர்" என்று சொன்னால் பெயர் பின்னால் போய் வேலை முன்னால் வரும்.

எதை விட்டுவிடலாம்?

மதம், சாதி, தந்தையின் தொழில், உயரம், எடை, இரத்த வகை, பொழுதுபோக்கு ஆகியவை தனியார் வேலை மனுவுக்குத் தேவையில்லை. கேட்டால் மட்டும் போட்டோ ஒட்டுங்கள். ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண் எதையும் ரெஸ்யூமில் போடவே கூடாது. அந்தத் தாள் எத்தனை கைகளுக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. வேலைக்கு முன்பணம் கேட்பவரிடமும், ஓ.டி.பி. கேட்பவரிடமும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அரசு வேலை விண்ணப்பம் இதற்கு விலக்கு. அங்கே அவர்கள் தரும் படிவத்தில்தான் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு உரிய சமுதாயச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

மொழியும் மத்ரஸா படிப்பும்

வீட்டில் உருது பேசும் குடும்பத்துப் பிள்ளைகள், மொழி என்ற இடத்தில் "தமிழ், ஆங்கிலம்" என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். இன்று திருப்பூர்க் கம்பெனிகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களோடு இந்தியில் பேசத் தெரிந்த சூப்பர்வைசருக்குத் தனி மதிப்பு. உருது பேசுபவருக்கு இந்தி பேசுவதும் புரிவதும் எளிது. "இந்தி: பேசுவேன், எழுதப் படிக்கத் தெரியாது" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

மத்ரஸாவில் ஓதிய ஆண்டுகளையும் மறைக்க வேண்டாம். "ஆலிம் படிப்பு, 7 ஆண்டு. அரபி வாசிக்க, எழுதத் தெரியும், பேச்சு அடிப்படை அளவில்" என்று எழுதினால், அந்த ஆண்டுகள் காலியாகத் தெரியாது. மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்திருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு, எத்தனை ஆண்டு என்று எழுதுங்கள். அதுவும் கற்பித்தல் அனுபவம்தான்.

இடைவெளி உள்ள பெண்களுக்கு

பட்டம் முடித்து, திருமணமாகி, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு வேலை தேடும் சகோதரிகள் நம் ஊரில் அதிகமாகி வருகிறார்கள். நடுவில் ஆறேழு ஆண்டு இடைவெளி இருக்கும். அதை மறைக்கத் தேதிகளை மாற்றாதீர்கள். "2017–2023: குடும்பப் பொறுப்பு, பிள்ளை வளர்ப்பு" என்று ஒரு வரி போதும். அந்த ஆண்டுகளில் வீட்டில் டியூஷன் எடுத்திருந்தால், பீஸ் வாங்கிப் பிசிர் வெட்டிக் கொடுத்திருந்தால், மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதியிருந்தால் அதையும் ஆண்டோடு சேர்த்து எழுதுங்கள். கைக்கு வந்த கூலி சிறியது என்பதால் அந்த வேலை சிறியதாகிவிடாது. மீண்டும் வேலைக்குத் தயாராகிறீர்கள் என்று காட்ட, டேலி போன்ற ஒரு குறுகிய பயிற்சியை முடித்துச் சேர்த்துக்கொண்டால் நல்லது.

பொய் ஒரு வரி கூட வேண்டாம்

"எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தானே போடறாங்க" என்று சொல்வார்கள். "அட்வான்ஸ்டு எக்செல்" என்று எழுதிய பிள்ளையை நேர்முகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, இரண்டு பட்டியலைச் சேர்த்து ஒரு கணக்கு எடுக்கச் சொன்னால் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு ஆண்டை நான்கு ஆண்டாக எழுதினால் பி.எஃப். பதிவு காட்டிக்கொடுக்கும். திருப்பூர் பெரிய ஊர்போலத் தெரிந்தாலும் குவாலிட்டி மேனேஜர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள். ஒரு போன் போதும்.

அளவையிலும் நிறுவையிலும் குறை வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்ப்பவர்கள் நாம். தன்னைப் பற்றி எழுதும் தாளும் ஒரு தராசுதான். கூட்டி எழுதுவது தவறு. நம் தம்பி செய்ததுபோல் ஐந்து ஆண்டு உழைப்பைக் குறைத்து எழுதுவதும் சரியான எடை ஆகாது.

அனுப்பும்போது

தமிழில் எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு எளிய ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். சின்னச் சின்ன வாக்கியம் போதும். ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் காட்டி எழுத்துப் பிழை பாருங்கள். பி.டி.எஃப். ஃபைலாகச் சேமியுங்கள், வேர்டு ஃபைல் மற்றவர் போனில் கலைந்துபோகும். ஃபைலுக்கு உங்கள் பெயரும் கேட்கும் வேலையும் பெயராக இருக்கட்டும். "நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2" என்று இருந்தால் நூறு ஃபைல்களுக்கு நடுவே யாரும் தேட மாட்டார்கள். விளையாட்டாக வைத்த மெயில் ஐடியை விட்டு, பெயரிலேயே ஒன்று தொடங்குங்கள். போன் எண் ரீசார்ஜ் தீராமல் இருக்கட்டும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வெறும் ஃபைலை மட்டும் அனுப்பாதீர்கள். "வணக்கம் சார். குவாலிட்டி உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். 5 ஆண்டு அனுபவம். ஊர் மூலனூர், திருப்பூரில் தங்கி வேலை பார்க்க முடியும்" என்று நான்கு வரி சேருங்கள். தினமும் பஸ்ஸில் போய் வருவாரா, தங்குவாரா என்பதுதான் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் முதலில் கேட்கும் கேள்வி. கேட்கும் முன்பே சொல்லிவிட்டால் நல்லது.

தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்திலும், மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் தளத்திலும் கட்டணமில்லாமல் பதிவு செய்யலாம். அரசு நடத்தும் வேலைவாய்ப்பு முகாம்களுக்குப் போகும்போது குறைந்தது பத்துப் பிரதிகள் கொண்டுபோங்கள்.

இன்று இரவு ஒரு வேலை

அத்தாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். "படிச்சு என்ன பிரயோஜனம், ஒரு வேலை கிடைக்கலை" என்று பிள்ளையிடம் சொல்லும் முன், அந்தப் பிள்ளையின் ரெஸ்யூமை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை விடியற்காலை பஸ் பிடித்து ஓடியதும், இரவு ஷிப்ட் பார்த்ததும், கடையில் உங்களுக்குப் பதிலாக நின்றதும் உங்களுக்குத் தெரியும். அதெல்லாம் அந்தத் தாளில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இஷாவுக்குப் பிறகு ஒரு நோட்டை எடுத்து, மேலே சொன்ன ஐந்து கேள்விகளோடு பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை மறந்துபோன பல வேலைகள் உங்களுக்கு நினைவிருக்கும்.

நம் ஜமாஅத்தில் அலுவலக வேலையில் இருப்பவர்கள் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளின் தாளைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தால், அதுவே பெரிய உதவி. ரிஸ்க் அல்லாஹ்விடம் இருக்கிறது. கேட்கும் மனுவைச் சரியாக எழுதுவது நம் கையில் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை அந்தத் தம்பி அனுப்பும் தாளில் "முன் அனுபவம் இல்லை" என்ற வரி இருக்காது.